பிரவுசர் எஸ்எஸ்டியைத் தேய்த்துவிடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) போட்டவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் இந்தப் பயம் வந்துவிடுகிறது. பிரவுசர் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கிறதாமே, டிரைவ் சீக்கிரம் போய்விடுமா? என்னிடம் வந்த கேள்விகளையும் நானே முன்பு தேடி அலைந்த கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஃபயர்பாக்ஸ் பற்றித்தான் அதிகம் இருக்கும், ஏனென்றால் இந்த விஷயத்தில் நாமே கூட்டிக் குறைக்கும்படி ஒரு திருகாணியை, அதாவது செட்டிங்கை, நம் கையில் கொடுப்பது அதுதான்.

எழுதினால் எஸ்எஸ்டி ஏன் தேய வேண்டும்?

உள்ளே இருப்பது நாண்ட் ஃபிளாஷ், தரவை செல் என்ற நுண்ணிய அறைகளில் வைக்கும் சிப். ஒரு செல்லில் எழுதுவது என்றால், மின்னழுத்தம் கொடுத்து எலெக்ட்ரான்களை ஒரு மெல்லிய காப்புப் படலத்தைத் தாண்டி உள்ளே தள்ளுவது. அழிப்பது என்றால் அதே வழியாக வெளியே இழுப்பது. ஒவ்வொரு முறையும் அந்தப் படலம் கொஞ்சம் பழுதாகிறது, ஒரு கட்டத்தில் செல்லால் தன் மதிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாமல் போகிறது. செல்லுக்கு ஒரு பிட் மட்டும் வைக்கும் பழைய எஸ்எல்சி வகை 1,00,000 முறை வரை தாங்கும். இன்று பெரும்பாலும் கிடைக்கும், செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி 1,000 முதல் 3,000 முறை, நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி அதற்கும் கீழே. படிப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. எழுதுவது சின்னச் சின்னப் பக்கங்களாக நடக்கும், அழிப்பது மட்டும் பல பக்கங்கள் சேர்ந்த பெரிய பிளாக்காகத்தான் முடியும். ஒரு பக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் அதே இடத்தில் மேலேயே எழுத முடியாது, டிரைவை நடத்தும் சிப்பான கன்ட்ரோலர் புது இடத்தில் எழுதிவிட்டுப் பழையதைச் செல்லாது என்று குறித்துக்கொள்ளும். அப்புறம் இடம் தேவைப்படும்போது, ஒரு பிளாக்கில் இன்னும் பயன்பாட்டில் இருக்கும் பக்கங்களை வேறிடத்துக்குப் பெயர்த்துவிட்டு அந்த பிளாக்கை மொத்தமாக அழிக்கும். அந்தப் பெயர்ப்பும் எழுத்துதானே! அதனால் நீங்கள் 1 ஜிபி எழுதினால் ஃபிளாஷில் விழுவது 1 ஜிபிக்கு மேல். டிரைவ் நிரம்ப நிரம்ப இது மோசமாகும். 240 ஜிபி டிரைவில் 235 ஜிபி நிரப்பி வைத்துக்கொண்டு பிரவுசர் செட்டிங்கைத் தேடுவதில் பயனில்லை, முதலில் 15 - 20 சதவீதம் காலியாக விடுங்கள்.

பிரவுசர் அப்படி என்னதான் எழுதுகிறது?

நான்கு வகை. பக்கங்களின் படம், ஸ்கிரிப்ட் எல்லாம் மறுபடி இறக்காமல் இருப்பதற்காகச் சேரும் கேஷ். ஹிஸ்டரி, குக்கி, புக்மார்க் இருக்கும் சின்ன டேட்டாபேஸ்கள். வாட்ஸ்அப் வெப் மாதிரியான தளங்கள் தங்களுக்கென்று சேமித்துக்கொள்ளும் தரவு. நான்காவது செஷன் ஃபைல், அதாவது திடீரென்று பிரவுசர் செத்துப்போனால் திறந்திருந்த டேப்களைத் திரும்பக் கொண்டுவருவதற்கான பதிவு.

இந்தக் கடைசி ஒன்றைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஃபயர்பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் ஹிஸ்டரி, செட்டிங் எல்லாம் இருக்கும் அதன் புரொஃபைல் ஃபோல்டருக்குள் போய் செஷன்ஸ்டோர்-பேக்கப்ஸ் என்ற ஃபோல்டரைத் திறங்கள். ரெகவரி என்று பெயர் தொடங்கும் இரண்டு ஃபைல்கள் இருக்கும். பக்கத்து ஜன்னலில் ஏதாவது படித்துக்கொண்டு, டேப் மாறிக்கொண்டு, நடுநடுவே இந்த ஃபோல்டரை ரிஃப்ரெஷ் செய்யுங்கள். மாற்றப்பட்ட நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும், அளவும் சில கேபி கூடிக் குறையும். மாறிய பகுதியை மட்டும் அது எழுதுவதில்லை, முழு ஃபைலையும் புதிதாக எழுதுகிறது. என் மெஷினில் அறுபது டேப்களுக்கு அந்த ஃபைல் 1.2 எம்பி இருந்தது. இயல்பான இடைவெளி 15 விநாடி, ஆக நிமிடத்துக்கு நான்கு முறை, 4.8 எம்பி. எட்டு மணி நேரம் இடைவிடாமல் வேலை பார்த்தால் ஏறத்தாழ 2.3 ஜிபி, அதுவும் ஒரே ஒரு சின்ன ஃபைலுக்காக. எதுவும் மாறாமல் சும்மா கிடந்தால் எழுதாது என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும், ஆனால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் பக்கங்கள் சில திறந்திருந்தால் "சும்மா கிடப்பது" என்பதே அரிது.

ஒரே நாளில் 32 ஜிபி எழுதியது என்று படித்தேனே, உண்மையா?

2016 செப்டம்பரில் சர்வ் தி ஹோம் என்ற தளத்தில் வந்த கட்டுரை அது. இதே செஷன் ஃபைலால் ஃபயர்பாக்ஸ் ஒரு நாளைக்கு 32 ஜிபி வரை எழுதும் என்று அதில் காட்டியிருந்தார்கள். அன்றைக்கு அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அப்போது அந்த ஃபைல் சுருக்கப்படாத வெறும் எழுத்தாக இருந்தது, 2017இல் வந்த 56ஆம் பதிப்பிலிருந்து சுருக்கி எழுதுகிறார்கள். அதனால் அந்த எண்ணை அப்படியே எடுத்து இன்றைய பிரவுசர் மேல் ஒட்டாதீர்கள்.

அதே ஆண்டு நவம்பரில் ஸ்பாட்டிஃபை டெஸ்க்டாப் ஆப்பும் தன் டேட்டாபேஸைத் திரும்பத் திரும்ப எழுதி டிரைவ்களைப் படுத்தியது, பிறகு ஒரு அப்டேட்டில் சரிசெய்தார்கள். பழி எப்போதும் பிரவுசர் மேல்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, அப்படியே 32 ஜிபி எழுதினாலும் டிரைவ் எத்தனை வருடம் தாங்கும்?

டிரைவின் விவரக்குறிப்பில் டிபிடபிள்யூ என்று ஒரு எண் இருக்கும், இத்தனை டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் என்று பொருள். கிங்ஸ்டன் ஏ400 வகையில் 120 ஜிபிக்கு 40, 240 ஜிபிக்கு 80. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300. ஒரு நாளைக்கு 32 ஜிபி என்றால் வருடத்துக்கு 11.7 டிபி. 40 டிபிடபிள்யூ டிரைவ் மூன்றரை வருடத்தில் அந்த எல்லையைத் தொடும், 80 என்றால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு, 300 என்றால் 25 வருடம். அன்றாட வீட்டு உபயோகத்தில் நாளுக்கு 10 ஜிபி என்று வைத்துக்கொண்டால் 80 டிபிடபிள்யூ டிரைவே 21 வருடத்துக்கு மேல் வரும்.

அந்த எண்ணைத் தொட்ட அன்றே டிரைவ் சாவதும் இல்லை. டெக் ரிப்போர்ட் என்ற தளம் 2013 முதல் 2015 வரை 250 ஜிபி அளவிலான ஆறு டிரைவ்களை, சாகும்வரை எழுதிப் பார்ப்போம் என்று ஓட்டியது. ஆறுமே 700 டிபியைத் தாண்டின, சாம்சங் 840 புரோ 2,400 டிபிவரை போனது. இன்றைய மலிவு டிரைவ் அந்தக் காலத்து எம்எல்சி (செல்லுக்கு இரண்டு பிட்) மாதிரி உழைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனாலும் உத்தரவாத எண்ணுக்கும் உண்மையான முடிவுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது.

என் டிரைவில் எவ்வளவு எழுதப்படுகிறது என்று எப்படிப் பார்ப்பது?

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான், ஆனால் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இலவசம், அதில் டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ் என்ற எண்ணைக் காலையில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், இரவு படுக்கும் முன் மறுபடி பாருங்கள், ஒரு வாரம் இப்படிச் செய்தால் உங்கள் உண்மையான தினசரிக் கணக்கு கிடைத்துவிடும். லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை இதையே சொல்லும். என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டிகளில் டேட்டா யூனிட்ஸ் ரிட்டன் என்று வருவது ஜிபி கணக்கு கிடையாது, ஒரு யூனிட் 5,12,000 பைட், அதாவது 20 லட்சம் யூனிட் என்றால் ஏறத்தாழ 1 டிபி.

யார் எழுதுகிறார்கள் என்று கண்டுபிடிக்க விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பக்கத்தைத் திறந்தால் எந்த புரோகிராம், எந்த ஃபைலில் என்பதுவரை தெரியும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் டிஸ்க் பக்கம். லினக்ஸில் ஐஓடாப், கூட்டுத்தொகை காட்டும்படி ஓடவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் ஐ/ஓ ரைட் பைட்ஸ் என்ற பத்தியை மட்டும் நம்பாதீர்கள். நெட்வொர்க்கில் போவதும், பிரவுசரின் ஒரு புராசஸ் இன்னொன்றுக்கு அனுப்புவதும் அதில் சேரும், அதைப் பார்த்துப் பலர் அநியாயத்துக்குப் பயந்துபோகிறார்கள்.

ஃபயர்பாக்ஸில் அந்த 15 விநாடியை மாற்றுவது எப்படி?

முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து, எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டு உள்ளே போங்கள். தேடும் பெட்டியில் செஷன்ஸ்டோர் என்று கொடுத்தால் வரும் வரிசையில் பிரவுசர்.செஷன்ஸ்டோர்.இன்டர்வெல் இருக்கும், மதிப்பு 15000. இது மில்லிவிநாடி. 300000 என்று போட்டால் 5 நிமிடம், 1800000 என்றால் அரை மணி நேரம்.

பல இடங்களில் அரை மணி நேரம் போடச் சொல்கிறார்கள். நான் ஐந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். முழு ஃபைல் எழுதப்படும் தடவைகள் இருபதில் ஒன்றாகக் குறைந்துவிட்டது, அதற்கு மேல் கிடைப்பது அற்பம். இழப்பதோ பெரிது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் கரண்ட் போனால் கடைசியாக எழுதியதற்குப் பின் திறந்த டேப்கள் போயிற்று, ஏதாவது படிவத்தில் நீளமாக அடித்து வைத்திருந்தால் அதுவும் போகலாம். முறையாக மூடும்போது எப்படியும் எழுதிவிடும், அதில் பயமில்லை.

செட்டிங்கே தொடாமல் குறைக்க வேண்டுமென்றால் டேப்களை மூடுங்கள். "பிறகு படிக்கலாம்" என்று மாதக்கணக்கில் திறந்து கிடப்பவற்றைப் புக்மார்க்கில் போட்டுவிட்டு மூடினால் அந்த ஃபைல் பாதியாகிவிடும்.

டிஸ்க் கேஷை மொத்தமாக அணைத்துவிடலாமா?

முடியும். பிரவுசர்.கேஷ்.டிஸ்க்.எனேபிள் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் ஃபயர்பாக்ஸ் கேஷை ரேமில் மட்டும் வைத்துக்கொள்ளும். அதோடு பிரவுசர்.கேஷ்.மெமரி.கபாசிட்டியையும் மாற்ற வேண்டும். அது -1 என்று தானியங்கியில் இருந்தால் 8 ஜிபி ரேம் உள்ள மெஷினிலும் 32 எம்பி அளவில்தான் எடுத்துக்கொள்ளும், ஒரு செய்தித் தளத்துக்கே அது பத்தாது. கேபி கணக்கில் 262144 என்று கொடுத்தால் 256 எம்பி.

ஆனால் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒவ்வொரு முறை பிரவுசரைத் திறக்கும்போதும் எல்லாவற்றையும் புதிதாக இறக்க வேண்டும். வீட்டில் ஃபைபர் இருந்தால் பரவாயில்லை, தினம் 1.5 ஜிபி என்று செல்போன் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு வேலை செய்பவருக்கு மாலைக்குள் டேட்டா தீரும். இருபது வருடம் தாங்கக்கூடிய டிரைவை இருபத்திரண்டு வருடம் ஆக்குவதற்காக தினமும் காத்திருப்பது யாருக்கு லாபம்?

கேஷின் அளவைக் குறைத்தால்?

வேண்டாம். நிறைய பேர் செய்யும் தவறு இது. சின்னக் கேஷ் சீக்கிரம் நிரம்பும், பழையதைத் தூக்கி எறியும், அதே படத்தை மறுபடி இறக்கி மறுபடி எழுதும். 1 ஜிபி கேஷை 50 எம்பி ஆக்கினால் இடம் மிச்சமாகும், எழுத்து கூடத்தான் செய்யும். எழுத்து குறைய வேண்டுமென்றால் இறக்குவது குறைய வேண்டும். விளம்பரத் தடுப்பான் ஒன்று போட்டுப் பாருங்கள், பக்கத்தோடு வரும் சுமையில் ஒரு பங்கு வராமலே நின்றுவிடும்.

கேஷையோ முழு புரொஃபைலையோ ரேமில் வைக்கலாம் என்கிறார்களே?

லினக்ஸில் இது அழகாகச் செய்யக்கூடிய வேலை. டிஎம்பிஎஃப்எஸ் என்ற ரேம் ஃபைல்சிஸ்டம் அங்கே இயல்பாகவே உண்டு, புரொஃபைல்-சிங்க்-டீமன் என்ற கருவி பிரவுசர் புரொஃபைலை அதில் ஏற்றிவிட்டு மணிக்கு ஒருமுறை டிரைவுக்குத் திரும்ப எழுதும். 16 ஜிபி ரேம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், வேகமும் கிடைக்கும். திடீரென்று மெஷின் நின்றால் கடைசி ஒரு மணி நேரம் போகும், அவ்வளவுதான். விண்டோஸில் ரேம் டிஸ்க் மென்பொருள் தனியாகப் போட வேண்டும், அந்தத் தலைவலி இதற்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்டியோடு பழைய ஹார்ட் டிஸ்கும் இருந்தால் பிரவுசர்.கேஷ்.டிஸ்க்.பேரன்ட்_டைரக்டரி என்று ஒன்றைப் புதிதாக உருவாக்கி, அதில் ஹார்ட் டிஸ்க் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால் கேஷ் அங்கே போய்விடும். ஹார்ட் டிஸ்க் முனகுவது காதில் விழும்.

குரோம், எட்ஜில் என்ன செய்வது?

அங்கே செஷன் இடைவெளிக்குத் திருகாணியே கிடையாது. ஷார்ட்கட்டின் டார்கெட் வரியில் டிஸ்க்-கேஷ்-டிர் என்ற சுவிட்சைச் சேர்த்துக் கேஷை வேறு இடத்துக்கு மாற்றலாம், இரண்டு பிரவுசருக்கும் அடிப்படை குரோமியம் என்ற ஒரே மென்பொருள் என்பதால் இரண்டிலும் செல்லும். டிஸ்க்-கேஷ்-சைஸ் என்று இன்னொன்று உண்டு, அதற்கு மேலே சொன்ன பதில்தான்.

இன்காக்னிட்டோ ஜன்னலில் உலாவினால் எழுதாதா?

கேஷும் ஹிஸ்டரியும் ரேமிலேயே இருந்து ஜன்னலை மூடியதும் போய்விடும். டவுன்லோடு செய்த ஃபைல் டிரைவில்தான் விழும். இதற்காகவே எப்போதும் இன்காக்னிட்டோவில் இருந்தால் ஒவ்வொரு தளத்திலும் தினமும் லாகின் செய்ய வேண்டியிருக்கும்.

இதெல்லாம் செய்தும் எழுத்து குறையவில்லையே?

ரேமைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அக்கா மகனின் லேப்டாப் ஒருமுறை என்னிடம் வந்தது. 4 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி, கல்லூரி வேலைக்கு எப்போதும் முப்பது நாற்பது டேப். யாரோ சொல்லி, டிஸ்க் கேஷை அணைத்து, அரை ஜிபிக்கு ரேம் டிஸ்கும் போட்டு வைத்திருந்தான், இருந்தும் தினசரி எழுத்து ஏறிக்கொண்டே போனது. ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து எழுத்து அளவின்படி வரிசைப்படுத்தியதும் மேலே வந்து நின்றது பிரவுசரின் எந்த ஃபைலும் இல்லை, பேஜ்ஃபைல்.சிஸ். ரேம் பத்தாதபோது விண்டோஸ் டிரைவில் ஒதுக்கும் இடம் அது. பயன்படாத டேப்பை அங்கே தள்ளுகிறது, அவன் அதைச் சொடுக்கியதும் திரும்ப எடுக்கிறது, அந்த இடத்துக்கு இன்னொன்றைத் தள்ளுகிறது. டிரைவைக் காப்பாற்றுவதற்காக ரேமில் கேஷை வைத்து, இருந்த ரேமையும் குறைத்து, இந்தத் தள்ளி எடுக்கும் வேலையைக் கூட்டியிருந்தான். எல்லா செட்டிங்கையும் பழையபடி ஆக்கிவிட்டு, காலியாக இருந்த ஸ்லாட்டில் ஒரு 4 ஜிபி ரேம் போட்டோம். மறுநாள் அதே வரிசையில் பேஜ்ஃபைலைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது.

ரேம் கூட்ட வழியில்லை என்றால் பிரவுசரிலேயே உதவி இருக்கிறது. குரோமில் மெமரி சேவர், எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸ். ஃபயர்பாக்ஸ் 93ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸில் நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் தானாகவே டேப்களை ரேமிலிருந்து இறக்கிவிடும், அபவுட்:அன்லோட்ஸ் பக்கத்தில் நாமே ஒவ்வொன்றாகவும் இறக்கலாம். எழுத்தைக் குறைக்க ஒரு பிரவுசர் செட்டிங் போதும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

அப்படியானால் மற்ற செட்டிங்குகளால் யாருக்குமே பயனில்லையா?

உண்டு. ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் மெமரி கார்டிலிருந்தே சிஸ்டத்தை ஓட்டி அதில் பிரவுசரையும் நாள் முழுக்கத் திறந்து வைப்பவர்களுக்கு, இஎம்எம்சி சேமிப்பகம் உள்ள மலிவு லேப்டாப்காரர்களுக்கு, பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு. சாதாரண மெமரி கார்டில் எஸ்எஸ்டி அளவுக்குத் தேய்வைப் பரப்பித் தரும் கன்ட்ரோலர் கிடையாது, கொள்ளளவும் சின்னது. இஎம்எம்சியோ போர்டில் பற்றவைத்தது, தேய்ந்தால் மாற்ற முடியாது. இவர்கள் செஷன் இடைவெளியை அரை மணி நேரமாக்கி, டிஸ்க் கேஷை அணைத்து, ரேம் இடம் கொடுத்தால் புரொஃபைலையும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் ஏற்றுவது நல்லது.

பேஜ்ஃபைலை அணைத்துவிடு, டிஃப்ராக் (சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது) நிறுத்திவிடு என்கிறார்களே?

பேஜ்ஃபைலை அணைக்காதீர்கள், ரேம் நிரம்பும்போது பிரவுசரே விழும், வேலையும் போகும். டிஃப்ராக்கைப் பொறுத்தவரை, விண்டோஸ் 8 முதல் எஸ்எஸ்டி என்று தெரிந்தால் ஆப்டிமைஸ் என்ற பெயரில் நடப்பது முக்கியமாக டிரிம், அதாவது அழித்த ஃபைல்களின் இடம் இனித் தேவையில்லை என்று டிரைவுக்குச் சொல்வது. மேலே சொன்ன பெயர்ப்பு வேலையைக் குறைப்பதே அதுதான், நிறுத்தினால் நஷ்டம்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஹெல்த் 90 சதவீதம் என்று காட்டுகிறது, டிரைவை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். எழுதக்கூடிய ஆயுளில் பத்தில் ஒரு பங்கு செலவாகியிருக்கிறது, அவ்வளவே. எத்தனை மாதத்தில் 10 சதவீதம் போனது என்று பாருங்கள், மூன்று வருடத்தில் என்றால் நிம்மதியாக இருங்கள், மூன்று மாதத்தில் என்றால் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறங்கள். ரீஅலோகேட்டட் (பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள்) எண்ணிக்கையோ மீடியா எரர் எண்ணிக்கையோ வாரத்துக்கு வாரம் ஏறினால் அது வேறு கதை, அன்றே பேக்கப் எடுத்துவிட்டு டிரைவை மாற்றுங்கள்.

என் கையில் இதுவரை இறந்த இரண்டு எஸ்எஸ்டிகளும் தேய்ந்து சாகவில்லை. ஒன்று 97 சதவீதம் ஹெல்த் காட்டிக்கொண்டிருந்த டிரைவ், ஒரு காலை, மெஷின் தொடங்கும்போது வரும் பயாஸ் திரையிலேயே தெரியவில்லை. கன்ட்ரோலர் போயிருந்தது. அதில் இருந்த குடும்பப் படங்கள் இன்னொரு ஹார்ட் டிஸ்கில் இருந்ததால் தப்பின, கடைசி இரண்டு வாரத்துப் படங்கள் மட்டும் எங்கேயும் இல்லை. இப்போது பேக்கப் ஒவ்வொரு ஞாயிறும் ஓடுகிறது.